கேட்பவரின் பொறுப்பு

தேர்தல் முடிந்த ஒவ்வொரு முறையும் நம் ஊர்களில் ஒரு குறை எழுவதுண்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாளிதழ் படிப்பதில்லை, பொதுக்கூட்டத்திற்குப் போவதில்லை, பெரியவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் நாட்டைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் அடித்துப் பேசுகிறார்கள். இதையெல்லாம் இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" அருப்புக்கோட்டையின் தறிக்கூடங்களிலும், திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்க் கரை ஊர்களிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பெற்றோர் நடுவிலும் இக்குறையைக் கேட்கலாம். கேட்கின்றவர்களே விடையையும் சொல்லிவிடுகிறார்கள்: எல்லாம் இந்தக் கைப்பேசியால் வந்தது!

விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது. ஒருவர் தம் அரசியல் கருத்தை எங்கிருந்து பெறுகிறார் என்பது ஒரு கேள்வி. அப்படிப் பெற்றதற்கு அவர் பொறுப்பாவாரா என்பது மற்றொரு கேள்வி. பொய் சொல்வது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் அனைவரும் கற்றோம். அப்பொய்யைக் கேட்டு நம்புகிறவர் நிலை என்ன? நம்பியதைப் பிறர்க்கு அனுப்புகிறவர் நிலை என்ன? அதன் பேரில் அயலாரை வெறுத்து, அந்த வெறுப்போடு வாக்களிக்கிறவர் நிலை என்ன? இந்த இரண்டாம் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாக ஆராய்வோம்.

நம் மண் கண்டவை

இளைஞரைக் குறித்த இக்கவலை நமக்குப் புதிதன்று. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில், தாம் பிறந்த விருதுநகரிலேயே காமராசர் தோல்வியுற்றார். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர். கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் கிடைக்கச் செய்தவர். அகில இந்தியக் காங்கிரசின் தலைவர் பதவியில் அமர்ந்தவர். அவரை 1,285 வாக்குகள் வேறுபாட்டில் வென்றவர் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். அந்த முடிவுக்குப் பின்னால் அரிசித் தட்டுப்பாடு இருந்தது. 1965ஆம் ஆண்டின் மொழிப் போராட்டம் இருந்தது. அவற்றுக்குப் பொருள் சொல்லித் தந்த ஏடுகளும், படிப்பகங்களும், மேடைகளும், திரைப்படங்களும் இருந்தன.

அறிஞர் அண்ணாவின் 'திராவிட நாடு', கலைஞர் மு. கருணாநிதியின் 'முரசொலி', மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' ஆகிய மூன்றும் 1942ஆம் ஆண்டில் தோன்றியவை. தேநீர்க் கடையில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டார்கள். முடிதிருத்தும் நிலையம் கட்சியின் பாசறையாக விளங்கிற்று. 1952இல் வெளிவந்த 'பராசக்தி' படத்தின் உரையாடலை மனப்பாடம் செய்து ஒப்பித்த இளைஞர்கள் எத்தனையோ பேர். 1967 சனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது, கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகத் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. பரப்புரைக்கே செல்லாமல் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். பத்தாண்டுகள் கழித்து, 1977இல், அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பி முதலமைச்சராக்கிய தொகுதி நம் அருப்புக்கோட்டையே.

அன்றைய பெரியவர்களும் சினிமா பிள்ளைகளைக் கெடுத்துவிட்டதென்றுதான் வருந்தினார்கள். அன்று அந்த வருத்தத்திற்கு இலக்கான இளைஞர்களே இன்று பேரப்பிள்ளைகளின் கைப்பேசியைக் கண்டு வருந்துகிறார்கள். ஆகவே, நம் காலத்தில் உண்மையை மட்டும் கேட்டு வளர்ந்தோம், பிள்ளைகள்தாம் பொய்யில் வளர்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது. அன்றும் ஒரு படம் ஆயிரம் வாதங்களை வென்றது. அன்றும் மிகைப்படுத்தல் இருந்தது, ஒருபக்கச் சார்பு இருந்தது, வதந்தி இருந்தது.

பகைமைக்குக் கைப்பேசி தேவைப்படவுமில்லை. 1957இல் முதுகுளத்தூர்ப் பகுதியைச் சுட்டெரித்த சாதிக் கலவரத்தை நம் கிழக்கு எல்லை ஊர்கள் மறந்துவிடவில்லை. 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது தென் மாவட்டங்களில் வன்முறை மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. காமராசர் மாவட்டம் என்றிருந்த நம் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானதும் அப்போதுதான். அந்நாளில் நம் சிற்றூர்களில் யாரிடமும் கைப்பேசி இல்லை. காதுக்குக் காது பரவிய சொல்லே போதுமானதாக இருந்தது.

உண்மையில் மாறியது எது?

அப்படியானால் ஒன்றுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. 1993இல் சன் தொலைக்காட்சியும், 1999இல் ஜெயா தொலைக்காட்சியும், 2007இல் கலைஞர் தொலைக்காட்சியும் வந்தன. 2006ஆம் ஆண்டுக்குப் பின் அரசே வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியது. செய்தி தேநீர்க் கடையை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்தின் விலை சரிந்தது. செய்தி வீட்டுக் கூடத்தையும் விட்டு ஒவ்வொருவர் உள்ளங்கைக்கும் போயிற்று. சிறிதே ஆண்டுகளில், மானாவாரிக் காட்டில் ஆடு மேய்ப்பவரும் விசைத்தறியில் இரவு முறை பார்ப்பவரும் அதை ஒரே நேரத்தில் பெறலானார்கள்.

இப்பயணத்தில் நாம் இழந்தவை இரண்டு. முதலாவது, சொல்பவரின் முகம். மேடையில் பேசியவர் எந்தக் கட்சிக்காரர் என்பதை அவருடைய துண்டின் கரையே காட்டிக்கொடுத்தது. அவர் சார்புள்ளவர்தாம், ஆனால் தம் சார்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தேநீர்க் கடையில் புளுகியவர் மறுநாள் காலையிலும் அதே பலகையில் வந்து உட்கார வேண்டியிருந்தது. "நேற்று சொன்னாயே, எங்கே?" என்று கேட்க ஆள் இருந்தது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்குப் பெரும்பாலும் பெற்றோர் யார் என்று தெரிவதில்லை. அனுப்பியவர் நம் நண்பர். அவருக்கு அனுப்பியவர் அவருடைய மைத்துனர். முதலில் எழுதியவர் யாரோ. நண்பரிடம் நமக்குள்ள நம்பிக்கை, நாம் அறியாத ஒருவருடைய சொல்லுக்குச் சாட்சிக் கையெழுத்தாகிவிடுகிறது.

இரண்டாவது, பொதுவாய்க் கேட்டல். ஒரே நாளிதழை எதிர்க் கட்சிக்காரரும் ஆளுங்கட்சிக்காரரும் ஒரே பலகையில் அமர்ந்து படித்துச் சண்டையிட்டார்கள். சண்டைக்கும் ஒரு பொதுத்தளம் வேண்டுமல்லவா? இன்று ஒரே கூரையின் கீழ், அடுத்தடுத்த தறிகளில் நிற்கும் அண்ணனும் தம்பியும் காதுக்குள் ஒலிவாங்கிகளைச் செருகிக்கொண்டு இருவேறு நாடுகளின் கதையைக் கேட்கிறார்கள். எதை எத்தனை நேரம் பார்த்தாய், எங்கே நின்றாய், எதை விரைந்து தள்ளினாய் என்பதையெல்லாம் யூடியூப் போன்ற தளங்களின் கணக்குப் பொறி குறித்துக்கொள்கிறது. உன் கண்ணை மேலும் சில நிமிடங்கள் எது பிடித்து வைக்குமோ அதை அடுத்துக் கொண்டுவந்து வைக்கிறது. உண்மையா பொய்யா என்று அப்பொறி கேட்பதில்லை; நிற்பானா போவானா என்றே கேட்கிறது.

இழந்ததைச் சொல்லும்போது பெற்றதையும் சொல்வதே நீதி. நாம் ஏக்கத்தோடு நினைக்கும் அந்தத் தேநீர்க் கடைப் பலகையில் எல்லாரும் உட்கார முடிந்ததா? இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில் சிலர் வெளியே நின்றே குடித்தார்கள், நின்றபடியே கேட்டார்கள், எதிர்த்துப் பேச அவர்களுக்கு இடமிருந்ததில்லை. பெண்கள் அக்கடைகளின் பக்கமே சென்றதில்லை. ஊருக்கு வரும் செய்தியின் வாசலில் சிலர் காவல் நின்றார்கள். இன்று ஒரு நெசவாளியின் மகள், யாருடைய அனுமதியும் இன்றி, சட்டமன்ற விவாதத்தை நேரே கேட்கிறாள். தனக்குரிய உதவித்தொகையின் அரசாணையைத் தேடிப் படிக்கிறாள். 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினா கடற்கரையிலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் திரண்டது கைப்பேசி வழியாகத்தான். தலைவர் என்று ஒருவரும் இல்லாத அக்கூட்டம் நாள்கணக்கில் ஒழுங்கு காத்து நின்றதை நாடே வியந்து பார்த்தது. எனவே கைப்பேசியைப் பிடுங்கி எறிவது விடையாகாது. அது திறந்த வாசல்களை மீண்டும் மூடுவது அறமும் ஆகாது.

கேட்பதால் விளையும் கேடு

ஆயினும் கேடு சிறிதன்று. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்தும் கூட்டம் உலவுவதாக வாட்ஸ்அப் வழியே வடமாவட்டங்களில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்துகொண்டனர். குழந்தைகளுக்கு அன்போடு இனிப்புக் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றனர். அடித்தவர்கள் தொழில்முறைக் கொலைகாரர்கள் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணிய தந்தையரும் அண்ணன்மாரும் ஆவர். அவர்கள் செய்த முதல் தவறு கையால் செய்ததன்று, காதால் செய்தது. அவ்வாண்டே, ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு விதித்தது. அனுப்பும் கைக்கு வரம்பு விதிக்கலாம். நம்பும் மனத்திற்கு வரம்பை யார் விதிப்பது?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு காரணங்களுக்காக நடந்த கைகலப்புகளின் காட்சிகளே அவை என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் குழுவே திருப்பூருக்கு வந்து பார்க்க வேண்டியதாயிற்று. அதற்குள் அஞ்சி ஊர் திரும்பத் தொடங்கியவர்கள் பலர். நம் கரிசல் காட்டு இளைஞர்களும் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்கள்தாம். நாளை அவர்களைப் பற்றி வேற்று மொழியில் ஒரு காணொளி பரவினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை வெளியே தெரிந்த கேடுகள். வெளியே தெரியாமல் வளர்வது சாதிப் பகை. மாணவர்கள் மணிக்கட்டில் சாதி அடையாள நிறக்கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அரசுக்குப் பரிந்துரைத்தது. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அறுத்துவிடலாம். தன் சாதியின் பெருமையையும் பிறர் சாதியின் இழிவையும் பாட்டாகவும் காட்சியாகவும் ஊட்டிக்கொண்டேயிருக்கும் சிறு காணொளிகளை எப்படி அறுப்பது? பதினைந்து வயதில் ஏறிய அந்த நஞ்சு பதினெட்டு வயதில் வாக்குச் சீட்டாகிறது.

சந்தேகத்தின் மூன்று வேர்கள்

எட்டாம் கட்டளையை நாம் பெரும்பாலும் நாவுக்கு விதித்த கட்டளையாகவே படித்திருக்கிறோம். திருச்சபையின் மரபு அதைச் செவிக்கும் விதித்திருக்கிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், போதிய ஆதாரமின்றி அயலாரின் குற்றத்தை உண்மையென்று உள்ளத்தில் ஏற்றுக்கொள்வதையே குற்றமாகக் கணக்கிடுகிறது. வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மனத்துக்குள் தீர்ப்பிட்டாலே போதும். புறங்கூறுவதை விரும்பிக் கேட்பவரும், கேட்டு மகிழ்பவரும் அப்பாவத்தில் பங்காளிகளே என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார்.

இன்னும் ஆழமாக, பிறரைப் பற்றிய தீய சந்தேகம் எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் ஆராய்கிறார். மூன்று வேர்களைக் காண்கிறார். ஒன்று, சந்தேகப்படுபவரே தீயவராயிருத்தல். தம்மைப் போலவே பிறரையும் எண்ணுகிறார். மற்றொன்று, நீண்ட அனுபவம். முதியோரிடம் இது மிகுதி. இவ்விரண்டுக்கும் இடையே அவர் வைக்கும் வேர்தான் நம் காலத்திற்கு முதன்மையானது. ஒருவர் மீது முன்பே வெறுப்போ பொறாமையோ சினமோ கொண்டிருப்பவர், அவரைப் பற்றிய தீய செய்தியைச் சிறு அடையாளம் கண்டதும் நம்பிவிடுகிறார். ஏனெனில் மனிதர் தாம் விரும்புவதையே எளிதில் நம்புவர்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இதை எழுதியவர் கைப்பேசியைக் கண்டதில்லை. ஆனால் நான் மேலே சொன்ன கணக்குப் பொறி இந்த வேரைக் கண்டுபிடித்து அதற்கே நீர் பாய்ச்சுகிறது. என் வெறுப்பு எதுவென்று அது அறிந்துகொள்கிறது. அந்த வெறுப்புக்கு ஏற்ற செய்தியை நாளும் தருகிறது. நானோ அதை 'உலக நடப்பு' என்று எண்ணிக்கொள்கிறேன். முன்பு அரசியல்வாதி வந்து நம் வெறுப்பைத் தூண்ட வேண்டியிருந்தது. இப்போது நம் வெறுப்பே தனக்கு வேண்டிய செய்தியாளரைத் தேர்ந்துகொள்கிறது. ஆகவே, இளைஞர் எங்கிருந்து செய்தி பெறுகிறார்கள் என்ற கேள்விக்கு இறுதி விடை கைப்பேசி அன்று. பெரும்பாலும் அவர்கள் தம் உள்ளத்திலிருந்தே அதைப் பெறுகிறார்கள். அந்த உள்ளத்தில் வெறுப்பை முதலில் விதைத்தவர்கள் யார்? கைப்பேசி வாங்கித் தருவதற்கு முன்பே, சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து, 'அந்தத் தெருக்காரர்கள்' என்று இளக்காரமாய்ப் பேசிய பெரியவர்கள் நாமல்லவா?

திருச்சுழி 1879இல் ஒரு குழந்தையை உலகுக்குத் தந்தது. பின்னாளில் இரமண மகரிசி என்று அறியப்பட்ட அவர், தம்மை நாடி வந்தவர்களை 'நான் யார்?' என்ற கேள்விக்குள் திருப்பிவிட்டார். அவருடைய மெய்யியலும் நம் நம்பிக்கையும் வேறு வேறு. எனினும் அவர் பிறந்த மண்ணில் வாழும் நாம், அக்கேள்வியின் எளிய தங்கையை நம்மிடமே கேட்கலாம்: 'என்னுடையது என்று நான் வாதாடும் இக்கருத்து என்னுள் எப்போது, யார் வழியாக வந்தது?'

எந்த மரத்தின் கீழ்?

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று நாம் வாசிக்கும் சூசன்னாவின் வரலாறு (தானியேல் நூல், 13ஆம் அதிகாரம்) இக்கேள்விக்கு நேரான பாடம். நடுவர்களாகிய முதியோர் இருவர் சூசன்னாவை அடைய விரும்பினர். அவர் இணங்காததால் விபசாரப் பழி சுமத்தினர். மக்கள் நம்பினார்கள். ஏன்? சொன்னவர்கள் மூப்பர்கள், நடுவர்கள், அதுவும் இருவர். கூட்டம் ஒருமனதாய்ச் சாவுத் தீர்ப்பு அளித்தது. அவர் கொல்லப்படக் கொண்டுபோகப்படுகையில் இளைஞராகிய தானியேல் குரல் எழுப்பினார். உண்மையை ஆராயாமலா தீர்ப்பிட்டீர்கள் என்று கடிந்து, எல்லாரையும் திரும்பச் செய்தார். இரு முதியோரையும் தனித்தனியே பிரித்து ஒரே கேள்வியைக் கேட்டார்: எந்த மரத்தின் கீழ்க் கண்டாய்? ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொன்றைச் சொன்னார். பொய் அங்கேயே உடைந்தது. மாசற்ற ஒரு பெண்ணின் உயிர் தப்பியது.

இவ்வரலாற்றில் பொய் சொன்னவர்கள் பெரியவர்கள், நம்பியது ஊர், உண்மையைக் காத்தவர் இளைஞர். 'பெரியவர் சொல் கேள்' என்று மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சூசன்னா இறந்திருப்பார். நாம் சொல்லித்தர வேண்டியது தானியேலின் கேள்வியை. எங்கே நடந்தது? எப்போது நடந்தது? கண்டவர் யார்? வேறொருவரிடம் தனியே கேட்டால் இதே விடை வருமா? தானியேல் அவர்களைப் பிரிக்கும் வரை அந்த இருவரும் ஒரே பொய்யின் இரு வாய்களாகவே இருந்தார்கள். பத்து நண்பர்கள் அனுப்பிய ஒரே காணொளி பத்துச் சாட்சிகள் ஆகாது. பத்து முறை ஒலித்த ஒரே சாட்சிதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பையனும், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் பெண்ணும், வருகிற ஒவ்வொன்றையும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா? அதற்குக் கல்வி வேண்டும், ஓய்வு வேண்டும். ஏழையின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவது நீதியா?

இது நேர்மையான மறுப்பு. நம் அறநெறி இறையியல், வெல்ல இயலாத அறியாமையையும் வெல்லக்கூடிய அறியாமையையும் பிரித்துப் பார்க்கிறது. மனச்சான்று வெல்ல இயலாத அறியாமையால் தவறினாலும் தன் மாண்பை இழப்பதில்லை; ஆனால் உண்மையைத் தேட அக்கறையற்ற மனிதருக்கு இது பொருந்தாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கற்பித்தது. எல்லாவற்றையும் ஆராய எவராலும் இயலாது. கடவுள் அதைக் கேட்பதுமில்லை. எல்லாவற்றையும் பற்றிக் கருத்துக் கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'எனக்கு இன்னும் தெரியவில்லை' என்பது வெட்கத்துக்குரிய விடையன்று. பல வேளைகளில் அதுவே நேர்மையான விடை. ஆராயும் கடமை இரண்டு இடங்களில் மட்டும் தப்பாமல் வருகிறது. ஒருவருடைய அல்லது ஒரு மக்களினத்தின் நற்பெயரைக் கெடுக்கும் செய்தியை நம்புமுன் வருகிறது. எந்தச் செய்தியையும் பிறருக்கு அனுப்புமுன் வருகிறது. ஆராய நேரமில்லையா? அனுப்பாமல் விட நேரம் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை. அந்த அறம் பாமரருக்கும் இயல்வதே.

பங்கின் கடமை

இவ்வளவும் சொன்ன பின், நம் திருச்சபை தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஏடு வெளியிட்டது வத்திக்கான் சங்கம். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குப் பொய்ச் செய்திகளையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஏடுகள் குறைவில்லை. ஆனால் நம் பங்குகளில் இளைஞர் அரசியல் பேச இடம் உண்டா? 1989 முதல் பதினெட்டு வயதில் வாக்குரிமை வந்துவிட்டது. உறுதிப்பூசுதல் பெற்றுச் சில ஆண்டுகளில் நம் பிள்ளைகள் வாக்காளர் ஆகிறார்கள். அவர்களைப் பாடற்குழுவுக்கும் தேர் அலங்காரத்துக்கும் அழைக்கிறோம். ஊராட்சியைப் பற்றி, சாதியைப் பற்றி, விலைவாசியைப் பற்றி அவர்கள் வாய் திறந்தால், 'கோயிலில் அரசியல் வேண்டாம்' என்று அடக்கிவிடுகிறோம். பேச இடமில்லாதவர்கள் தனியே கேட்கப் போய்விடுகிறார்கள்.

இதற்கு மருந்து, குருவானவர் பீடத்திலிருந்து யாருக்கு வாக்களிக்க வேண்டுமென்று சொல்வதன்று. அதுவும் எதிர்த்துக் கேட்க முடியாத மற்றொரு குரலாகவே முடியும். உலகியல் காரியங்களில் நேர்மையான விசுவாசிகள் மாறுபட்ட முடிவுகளுக்கு வரலாம். திருச்சபையின் அதிகாரம் தம் கருத்துக்கு மட்டுமே உரியதென்று யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று முன் சொன்ன சங்க ஏடே வரையறுக்கிறது. நம் அன்பியங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து வீட்டார் முகம் பார்த்து அமரும் இடம் அது. இறைவார்த்தைப் பகிர்வுக்குப் பின், அவ்வாரம் ஊரில் உலவிய ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, 'இதை யார் கண்டார்கள்?' என்று இளையோரும் முதியோரும் சேர்ந்து கேட்கலாகாதா? பங்கு நூலகத்தில் ஒன்றுக்கொன்று எதிரான சார்புள்ள இரு நாளிதழ்களைப் பக்கம் பக்கமாக வைக்கலாகாதா? பழைய பலகையில் உட்கார இடம் கிடைக்காதவர்களையும் பெண்களையும் முதல் வரிசையில் அமர்த்தி, அந்தப் பலகையை நாம் மீண்டும் போடலாகாதா?

இன்னொன்று. ஒரு சமூகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட தீமைக்கு மிகச் சிறந்த மருந்து அவர்களை நேரில் காண்பது. நாசரேத்தைப் பற்றி நத்தனியேல் கொண்டிருந்த கருத்தும் செவிவழி வந்த இளக்காரமே. பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் போனார். மாற்றாரைப் பற்றி நம் பிள்ளை எதையோ கேட்டு வந்து சொன்னால், 'அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம்' என்று சொல்லத்தக்க பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்?

மனச்சான்றை ஆய்வு செய்யும் இரவில், 'இன்று பொய் சொன்னேனா?' என்று கேட்கப் பழகியிருக்கிறோம். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: 'இன்று யாரைப் பற்றிய தீமையை, ஆராயாமல், மகிழ்ச்சியோடு நம்பினேன்?' பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் பெரியவர்களாகிய நாம் இதை நம்மிடமே கேட்போம். நாம் கேட்பதைப் பார்த்தே அவர்களும் கேட்கக் கற்றுக்கொள்வார்கள்.